உங்களுக்குத் தெரியுமா? பழைய மின்னஞ்சலைப் பத்திரப்படுத்த...

● மேரு நகரில் சிறு தொழிற்சாலை நடத்துகிறவரும் கணக்கு வழக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1967 வருமான வரிச் சட்டம். ஆர்டரும் இன்வாய்ஸும் மின்னஞ்சலில் மட்டுமே வந்திருந்தால், அந்த அஞ்சலும் அதில் சேர்த்தி.

● கிளார்க் வேலையை விட்டுப் போனதும் அவருடைய மின்னஞ்சல் கணக்கை அழித்துவிடுகிறீர்களா? மீட்டெடுக்கக் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் தரும் அவகாசம் 20 நாள். மைக்ரோசாஃப்ட் 365 தருவது 30 நாள். முதலில் நகல், அப்புறம்தான் அழிப்பு.

● மலேசியாவின் முதல் இணையச் சேவையான ஜாரிங் 2015இல் இழுத்து மூடப்பட்டது. பெரிய நிறுவனம் என்பதற்காக அஞ்சல் பெட்டி நிரந்தரம் என்று நம்பிவிட முடியாது.

● ஜிமெயிலை மொத்தமாக இறக்கிக்கொள்ள ‘கூகுள் டேக்அவுட்’ இருக்கிறது. 2011இல் தொடங்கிய இந்த வசதியில் ஜிமெயில் சேர்ந்தது 2013 டிசம்பரில்தான். தயாரானதும் வரும் லிங்க் ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும்.

● கைபேசியிலும் கணினியிலும் அதே அஞ்சல் தெரிகிறதே, இரண்டு நகல் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஐமேப் முறையில் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போய்விடும்.

● டேக்அவுட்டில் இறக்கிய ‘எம்பாக்ஸ்’ கோப்பை நோட்பேடில் திறந்தால், ‘வணக்கம்’ என்ற தலைப்பு ‘4கே61’ என்று தொடங்கும் 28 எழுத்தாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிடவில்லை! யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். பேஸ்64 முறை அதை 4 எழுத்தாக்குகிறது. இணைப்புகளுக்கும் இதே கணக்குத்தான்: 6 எம்பி படம் 8 எம்பிக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளில் திறந்தால் தமிழ் தமிழாகவே வரும்.

● 2000ஆம் ஆண்டையொட்டி அனுப்பிய தமிழ் அஞ்சல்கள் பல, டிஸ்கி குறியேற்றத்தில் இருப்பவை. மலேசியரான முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளிலும் டிஸ்கியில் எழுதலாம். இன்று அவை கிறுக்கலாகத் தெரிந்தால் தூக்கி எறிய வேண்டாம். யூனிகோடுக்கு மாற்றிப் படிக்கலாம்.

● 1950 சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி தந்த ஆவணத்தை மலேசிய நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க வழிசெய்கிறது. ஆனால் அச்செடுத்த தாளில், அஞ்சல் எந்தெந்த சர்வர் வழியாக எத்தனை மணிக்கு வந்தது என்ற விவரம் பொதுவாக இருக்காது. தாளோடு, அந்த விவரத்தைத் தாங்கிய அஞ்சலின் ‘.இஎம்எல்’ கோப்பையும் சேர்த்தே வையுங்கள்.