கசிவறிந்து காத்தல்

நீரைத் தேக்கி வைத்துப் பயன்கொள்ளுதல் தமிழர்க்கு நெடுங்காலமாகப் பழகிய கலையாகும். சென்னையின் மேற்கே அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்திலும் ஏரிகள் உள்ளன. ஏரியென்றால் அதற்குக் கரை உண்டு. நீரை வேண்டியவாறு விடுதற்கு மதகு உண்டு. மிகுந்த நீர் வழிந்தோடக் கலிங்கு உண்டு. இவற்றைக் கண்காணிப்பதற்கென்றே பண்டைக்காலத்து ஊரவைகள் ஆள் அமர்த்தின. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. அவற்றுள் ஏரி வாரியம் என்னும் குழுவினைக் காண்கின்றோம்.

ஏரியைக் காப்போர் அஞ்சுவது பெருவெள்ளத்தை மட்டுமன்று. சிறு கசிவினையும் அஞ்சுவர். எலியும் நண்டும் குடைந்த வளை வழியாக நீர் ஊறும். ஊறும் நீர் தெளிந்திருப்பின் உடனடியான இடர் குறைவு. கலங்கியிருப்பின் அந்நீர் கரையின் மண்ணையே உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகின்றது என்பது பொருள். ஆதலால், கசிவைக் கண்டவுடன் அது எத்தகையது, எங்கிருந்து வருவது என ஆராய்ந்தறிதல் காவலன் கடமையாயிற்று.

இக்கடமை இன்று புதியதோர் இடத்தில் நமக்கு வந்து வாய்த்துள்ளது. கையிலடங்கும் சிறு கலமொன்றில் ஆழாக்கு நீரையோ உழக்கு நீரையோ தேக்கி, அதனைக் கணினியின் உள்ளே வைக்கின்றார்கள். மின்சாரம் ஓடும் இடத்தில் நீரை வைப்பது ஏன்? அது கசிந்தால் யாது செய்வது? இவ்விரண்டையும் இப்பாடத்தில் காண்போம்.

கணினியின் மூளை போன்றது செயலி என்னும் சிறு சில்லு. அது வேலை செய்யுங்கால், அதற்கு ஊட்டப்படும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகின்றது. கடுமையாக உழைக்கும் செயலி ஒன்று 200 வாட்டுக்கு மேலும் மின்னாற்றல் கொள்ளும். செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கென அமைந்த பெருஞ்சில்லுகளுள் சில 700 வாட் வரை கொள்கின்றன. துணி தேய்க்கும் மின்பெட்டி ஒன்று ஏறத்தாழ 1,000 வாட் கொள்வது. அப்பெட்டியின் அடித்தகடு முழுவதும் பரவும் வெப்பத்தில் பெரும்பகுதி, உள்ளங்கையினும் சிறிய சில்லில் எழுவதாக எண்ணிப் பாருங்கள். அவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிடின், சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அல்லது கணினி நின்றுவிடும்.

வெப்பத்தை அகற்ற விசிறி போதாதோ எனின், எளிய பணிகளுக்குப் போதும். ஆயினும், ஒரே அளவான காற்றையும் நீரையும் ஒப்பிட்டால், நீர் காற்றைப்போல் 3,000 மடங்குக்கு மேலும் வெப்பத்தைச் சுமக்க வல்லது. அதனாலேயே கார் எஞ்சினுக்கு நீரைத் துணையாகக் கொண்டனர். கணினிக்கும் அவ்வாறே கொண்டனர்.

இவ்வமைப்பின் உறுப்புக்கள் ஐந்து. செயலியின் மீது அழுந்தப் பொருத்திய செப்புத் தகடு ஒன்று. அதனுள் நுண்ணிய வாய்க்கால்கள் இருக்கும். நீரைச் சுழற்றும் சிறு பம்பு ஒன்று. சூடேறிய நீரைக் காற்றால் ஆற்றும் ரேடியேட்டர் ஒன்று; இது காரில் உள்ளதன் சிற்றுருவமே. இவற்றை இணைக்கும் குழாய்கள். ஐந்தாவது, நீர்க்கலம். கலத்தின் பணி எளிதெனத் தோன்றினும் இன்றியமையாதது. அது பம்புக்கு இடையறாது நீர் ஊட்டுகின்றது. நீரிற் கலந்த காற்றுக் குமிழிகள் மேலெழுந்து பிரிய இடந்தருகின்றது. நீர் குறைந்ததையும் நிறம் மாறியதையும் நம் கண்ணுக்குக் காட்டுகின்றது. கலத்தைப் பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கினாலோ கண்ணாடியினாலோ செய்வர். தனிக்கலம் இல்லாது, தொழிற்சாலையிலேயே அடைத்து மூடப்பட்டு வரும் அமைப்பும் உண்டு. அது கசிந்தால் பழுது பார்க்க முயலாது முழுவதையும் மாற்றிவிடுதலே முறை.

கசிவு பற்றிய அச்சம் கற்பனையன்று. 1976-இல் வெளிவந்த கிரே-1 என்னும் புகழ்பெற்ற மீத்திறன் கணினி ஃபிரியான் என்னும் குளிர்பொருளால் குளிர்விக்கப்பட்டது. அதனை உருவாக்குங்கால், குளிர்பொருளோடு கலந்திருந்த எண்ணெய் இணைப்புக்களின் வழியே கசிந்து, மின்பலகைகளின்மேற் படிந்து, குறுக்கு மின்னோட்டம் உண்டாக்கிற்று. குழாய்களைப் பற்றவைக்கப் புதிய முறைகளைக் கண்ட பின்னரே அவ்வேலை நிறைவேறிற்று. 2004-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர் மேக் ஜி5 கணினிகளுள் நீர்மத்தால் குளிர்வித்தவை சில, நாளடைவில் கசிந்து உள்ளுறுப்புக்களை அரித்தன. தேர்ந்த பொறிஞர் கையிலும் கசிவு நேரும் என்பதற்கு இவை சான்று. எனினும் அம்முறை கைவிடப்படவில்லை. நம் நாட்டில் 2019-இல் புனே ஐசர் நிறுவனத்தில் அமைந்த பரம் பிரம்மா என்னும் மீத்திறன் கணினியும், சில்லினருகே நீர்மத்தைச் செலுத்திக் குளிர்விக்கும் முறையையே கொண்டது.

நீர் மின்பலகையைக் கெடுப்பது எவ்வாறு? வாலைவடி நீர், அஃதாவது காய்ச்சி வடித்த தூய நீர், மின்சாரத்தை மிகச் சிறிதே கடத்தும். ஆனால் அத்தூய்மை நெடுநாள் நில்லாது. உலோகத்தையும் தூசியையும் தொட்டவுடன் அவற்றிலிருந்து உப்புக்களை ஏற்று, மின்சாரம் செல்ல வழியாகின்றது. அத்தகைய நீர் பலகையின் இரு கம்பிகளை இணைத்தால், செல்லத் தகாத வழியில் மின்சாரம் பாயும், உறுப்புக் கருகும். மின்சாரம் இல்லாதபோது பட்ட நீரை நன்கு உலர்த்திவிட்டால், பல வேளைகளில் கேடு நேராது. நீரும் மின்சாரமும் ஒருங்கு கூடும்போதே பெருங்கேடு விளைகின்றது என்பதை நினைவிற் கொள்ளுக.

இனி, கசிவின் காரணங்களை ஆராய்வோம். முதலாவது, தொழிலாளர் ‘ஓ-ரிங்’ என்று வழங்கும் ரப்பர் வளையம். மூடியும் கலமும் சேருமிடத்தில் அமர்ந்து நீரைத் தடுப்பது அதுவே. அது முறுக்கிக்கொண்டாலும், காய்ந்து வெடித்தாலும், அதன்கீழ் ஒரு மணல் துகள் அகப்பட்டாலும் நீர் வழி தேடிக்கொள்ளும். இரண்டாவது, அளவிறந்த வலிமை. கசியாதிருக்க வேண்டுமென ஸ்பானர் கொண்டு இறுக்குவார் உளர். அக்ரிலிக் கலம் அதனைத் தாங்காது விரிசல் காணும். காவலே கேடாக முடிவது இவ்விடத்தில்தான். மூன்றாவது, தகாத பொருளால் துடைத்தல். ஆல்கஹால் கொண்டு அக்ரிலிக்கைத் துடைத்தால் அதில் மயிரிழை போன்ற வெடிப்புக்கள் தோன்றும். நான்காவது, உலோகப் பொருத்தமின்மை. செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் நின்றால், அலுமினியம் அரிக்கப்படும். ஐந்தாவது, தகாத நீர். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. குழாய் நீரும் குடிநீர்க் கேன் நீரும் இதற்கு ஏற்றவையல்ல. உப்புப் படிவு நுண்வாய்க்கால்களை அடைத்துவிடும்.

கலத்தில் நீர்மட்டம் தாழ்ந்ததெல்லாம் கசிவு என்று கலங்குதல் வேண்டா. புதிதாக நீர் நிரப்பிய சில நாட்களில், உள்ளே அடைபட்ட காற்று வெளியேற, மட்டம் சற்றுத் தாழ்வது இயல்பு. மென்குழாய்களின் சுவர் வழியே நாளடைவில் சிறிது நீர் ஆவியாய்ப் பிரிவதும் உண்டு. அவ்வாறே, குழாயின் புறத்தே நீர்த்துளி கண்டதெல்லாமும் கசிவன்று. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே துளிகள் அரும்புவதைக் கண்டிருப்பீர்கள். அது செம்பு ஒழுகுவதன்று, காற்றின் ஈரம் படிவது. வீட்டுக் கணினியின் ரேடியேட்டர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே நீரைக் குளிர்விக்காது. ஆதலால், அங்கே இவ்வியர்வைக்கு இடமில்லை; அங்குத் துளி கண்டால் கசிவென்றே கொள்க. இயந்திரத்தால் குளிரூட்டிய நீர் ஓடும் பெருநிலையங்களிலோ, சென்னை போன்ற ஈரக்காற்று வீசும் ஊரில், இவ்வியர்வையையும் எண்ணி நீரின் குளிர்ச்சியை அளவோடு வைத்தல் வேண்டும்.

ஐயம் தீர எளிய வழியொன்று உண்டு. கலத்தின் புறத்தே நீர்மட்டத்திற்கு நேராகக் கோடிட்டு, பக்கத்தில் நாளையும் குறித்து வைக்க. வாரந்தோறும் ஒரே வேளையில், கணினி ஆறியிருக்கும்போது பார்க்க. மட்டம் நாடோறும் தாழ்ந்துகொண்டே போனாலும், இணைப்புக்களில் நிறப் படிவு உலர்ந்து காணப்பட்டாலும், கசிவு உண்டு.

கசிவு கண்டவுடன் செய்வதற்கு ஒரு முறை உண்டு; அம்முறை பிறழலாகாது. முதலில் சுவர்ச் சுவிட்சை அணைத்து, பின் பிளக்கைப் பிடுங்குக. சுவிட்சோ பிளக்கோ தரையோ நனைந்திருப்பின் அவற்றைத் தொடாது, வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைக்கச் செய்க. கை ஈரமாக இருத்தல் கூடாது. ‘இந்த வேலையை மட்டும் முடித்துவிட்டு’ என்று ஒரு நொடியும் தாழ்த்தலாகாது. அடுத்து, பெரியோர் துணையுடன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வழிந்த நீரை மெல்லிய தாளால் ஒற்றி எடுக்க. தேய்த்தால் நீர் இடுக்குகளில் புகும். தாய்ப்பலகையில் உள்ள பொத்தான் வடிவப் பேட்டரியையும் எடுத்துவிடுக. அதிலுள்ள சிறு மின்சாரமும் ஈரத்தோடு கூடி அரிப்பு விளைக்கும். எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் மின்வழங்கிப் பெட்டியுள் நீர் புகுந்திருப்பின், அதனைத் திறத்தல் அறவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். அதனைப் பழுது பார்ப்போரிடமே ஒப்படைக்க வேண்டும்.

பின்பு, துளி விழுந்த இடத்திற்கு மேலே நோக்குக. நீர் குழாயின் அடிப்புறமாக வழிந்து தாழ்ந்த இடத்தில் சொட்டுவதால், சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறொன்றாதல் பெரும்பான்மை. எல்லாவற்றையும் உலரத் துடைத்து, இணைப்புத்தோறும் மெல்லிய தாளைச் சுற்றினால், எத்தாள் முதலில் நனைகின்றதோ அவ்விடமே குற்றமுள்ள இடம்.

குற்றம் ரப்பர் வளையமாயின், நீரை வடித்துவிட்டு, வளையம் அமரும் பள்ளத்தைத் துடைத்து, புதிய வளையத்தைச் சிலிக்கோன் பசை சிறிது தடவிப் பொருத்தி, கையளவு வலிமையால் மட்டும் இறுக்குக. கலமே விரிசல் கண்டதாயின், எம்-சீல் பூசி அடைக்கலாமென எண்ணற்க. சூடும் குளிரும் மாறி மாறி வருமிடத்தில் அப்பூச்சை நம்பலாகாது. கலத்தை மாற்றுதலே அறிவுடைமை. நனைந்த பலகையில் நிறநீர்மம் உலர்ந்து பிசுபிசுத்தால், தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பலகையைத் துடைக்கலாம். முன்னர்ச் சொன்ன காரணத்தால் அது அக்ரிலிக் கலத்தின்மேற் படலாகாது. பலகையை விசிறிக்காற்றில் 1 நாளேனும், இயன்றால் 2 நாட்களேனும் உலர விடுக. அரிசியிற் புதைத்தலால் பயனில்லை; கடுவெப்பம் காட்டுதலால் கேடு உண்டு.

பழுது நீங்கியதும் உடனே கணினியை இயக்குதல் ஆகாது. மற்ற உறுப்புக்களுக்கு மின்சாரம் செல்லாதபடி, பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிட்டு, தாள்கள் உலர்ந்தே இருக்கின்றனவா எனத் தேர்ந்தவர் பார்ப்பர். நீர் நிரப்புமுன் சிறு கைப்பம்பால் காற்றைச் செலுத்தி, அழுத்தமானியின் முள் கால்மணியோ அரைமணியோ இறங்காது நிற்கின்றதா எனச் சோதித்தல் அதனினும் நன்று; காற்றுக் கசிந்தால் எதுவும் நனைவதில்லையன்றோ?

அம்பத்தூர்ப் பகுதியில் இன்று பெருந்தரவு மையங்கள் சில எழுந்துள்ளன. அத்தகைய மையங்களில் நீர்க்குளிர்ச்சியைப் பயன்படுத்துமிடத்து, காவலை மனிதர் கண்ணுக்கு மட்டும் விட்டுவிடுவதில்லை. தரையில் இரு கம்பிகள் அடங்கிய உணர்கயிற்றை இடுவர். நீர் பட்டவுடன் கம்பிகளுக்கிடையே மின்சாரம் ஓடி, மணி ஒலிக்கும். கயிற்றின் எத்தொலைவில் ஈரம் பட்டது என்பதையும் அறியலாம். சில அமைப்புக்களில் குழாயின் உள்ளழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தினும் குறைவாக வைப்பர். அங்கு விரிசல் நேர்ந்தால் நீர் வெளியே பாய்வதற்கு மாறாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். கட்டடத்தின் நீர் வேறு, கணினியின் நீர் வேறு எனப் பிரித்து, வெப்பத்தை மட்டும் கைமாற்றுவதும் உண்டு. அதனால் கசிந்தாலும் கசிவது சிறு நீரே.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், கணினியில் அச்சுருக்களை வரையும் சிறு பட்டறையொன்றை நினைத்துப் பாருங்கள். அங்கே கலம் கசிந்தால் இழப்பது கலத்தின் விலை மட்டுமன்று. பல மாதங்களாக வரைந்த வரைபடங்களும் அவற்றை நம்பிய தொழிலாளரின் கூலியும் அதில் அடங்கியுள்ளன. ஆதலால், நீர்க்கலம் வைத்திருப்போர், தம் கோப்புக்களுக்கு வேறிடத்தில் ஒரு படி எடுத்து வைத்தலையும் காவலின் ஒரு பகுதியாகக் கொள்ளல் வேண்டும். கருகிய பலகைக்கு வேறொரு பலகை விலைக்குக் கிடைக்கும். படியெடுக்காத உழைப்பை விலைகொடுத்து வாங்க இயலாது.

கசிவு ஒரே நாளில் பெருங்கேடாவதில்லை. வளையம் காய்கின்றது; துளி அரும்புகின்றது; மட்டம் தாழ்கின்றது. ஒவ்வொரு நிலையிலும் அது நமக்கு அறிவிப்புத் தருகின்றது. வாரத்தில் ஒரு நாள், சில நொடி நேரம், கோட்டையும் இணைப்புக்களையும் உற்றுநோக்குவார்க்கு அவ்வறிவிப்புத் தவறுவதில்லை.