ஒல்லியும் குண்டும் நோயைச் சொல்லுமா? உடல் எடை, தோற்றம், கேலி குறித்து அறிய வேண்டியவை

புதுடெல்லி: இந்திய வீடுகளில் உடல் எடையைப் பற்றிய பேச்சு, நலம் விசாரிப்பின் ஒரு பகுதியாகவே இருந்து வருகிறது. நீண்ட நாள்களுக்குப் பின் சந்திக்கும் உறவினர், "இளைத்துவிட்டாயே" என்றோ "சதை போட்டுவிட்டதே" என்றோ பேச்சைத் தொடங்குவது வழக்கம். சொல்பவர் அதை மறந்துவிடுகிறார். கேட்டவரோ, அன்றிரவு உணவைத் தவிர்க்கிறார். அல்லது அடுத்த திருமண விழாவுக்குச் செல்வதையே தவிர்க்கிறார்.

ஒருவரின் தோற்றத்தைக் கொண்டு அவரது உடல்நலத்தைக் கணிக்க முடியுமா, கேலி செய்வதால் எடை குறையுமா, இதுகுறித்துச் சட்டம் என்ன கூறுகிறது ஆகிய கேள்விகளுக்கான விடைகளை விரிவாகக் காணலாம்.

இரு முனைகளிலும் இந்தியா

2019 - 21 ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 24 சதவீதம் பேரும், ஆண்களில் 22.9 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். இதற்கு முந்தைய ஆய்வில் இந்த அளவு முறையே 20.6 சதவீதமாகவும் 18.9 சதவீதமாகவும் இருந்தது. நகர்ப்புறப் பெண்களில் மட்டும் இது 33.2 சதவீதம்.

அதே ஆய்வில், பெண்களில் 18.7 சதவீதம் பேரும் ஆண்களில் 16.2 சதவீதம் பேரும் இருக்க வேண்டியதைவிடக் குறைந்த எடையுடன் உள்ளதும் தெரியவந்துள்ளது. ஒரே நாட்டில், சில நேரங்களில் ஒரே தெருவில், இவ்விரு பிரச்சினைகளும் அருகருகே நிற்கின்றன. ஆகவே, 'உடல் இளைக்க வேண்டும்' என்ற ஒரே அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது.

ஒரே குறியீட்டெண், இரு வேறு உடல்கள்

தோற்றம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு, 2004ஆம் ஆண்டு 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஒரு புகைப்படம் இன்றளவும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. புனே கேஇஎம் மருத்துவமனையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த மருத்துவ ஆராய்ச்சியாளர் ஜான் யுட்கினும் அதில் அருகருகே நிற்கின்றனர். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3 தான். ஆனால் யுட்கினின் உடலில் இருந்த கொழுப்பு 9.1 சதவீதம்; யாஜ்னிக்கின் உடலில் இருந்ததோ 21.2 சதவீதம்.

வெளித்தோற்றத்தில் மெலிந்தும், உள்ளே கொழுப்பு மிகுந்தும் இருக்கும் இத்தகைய உடலமைப்பு, இந்தியர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. கருவிலேயே இதற்கான தொடக்கம் இருப்பதை யாஜ்னிக் குழுவினரின் ஆய்வுகள் காட்டின. புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளின் சராசரியோ 3.5 கிலோ. எடையில் இவ்வளவு வேறுபாடு இருந்தும், தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் இந்தியக் குழந்தைகள் பெரிதாகப் பின்தங்கவில்லை. குறைந்திருந்தது பெரும்பாலும் தசைதான்.

இதன் பொருள் எளிது. ஒல்லியாக இருப்பதாலேயே ஒருவர் நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றின் அபாயத்திலிருந்து விடுபட்டவராகிவிட மாட்டார். பருமனாகத் தெரிவதாலேயே ஒருவரை நோயாளி என முடிவு செய்யவும் முடியாது. கண்ணால் எடை போடுவது இரு தரப்பினருக்குமே தீங்காக முடிகிறது. முன்னவர் பரிசோதனைக்குச் செல்வதில்லை. பின்னவர் அவமானத்துக்கு அஞ்சிச் செல்வதில்லை.

குறியீட்டெண் எங்கிருந்து வந்தது?

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைப்பதே உடல் நிறை குறியீட்டெண் எனப்படும் பிஎம்ஐ. இதை உருவாக்கியவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ஃப் கெட்லே, 19ஆம் நூற்றாண்டில் 'சராசரி மனிதனின்' அளவுகளை ஆராய்ந்தபோது இந்தக் கணக்கை வகுத்தார். தனியொருவரின் நலத்தை அளப்பது அவரது நோக்கமாக இருக்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ், 1972ஆம் ஆண்டில் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்.

பெரிய மக்கள்தொகையை ஆராய்வதற்கு இது பயனுள்ள கருவி. எனினும் எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு இடுப்பில் உள்ளதா, வயிற்றில் உள்ளதா என்பதை இந்த எண் கூறாது. வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பே நோய்க்கு அதிகம் வழிவகுக்கிறது.

உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன் என்பது வழக்கமான வரம்பு. குறைந்த எண்ணிலேயே நீரிழிவு அபாயம் தொடங்குவதால், 2009ஆம் ஆண்டு வெளியான இந்திய வழிகாட்டுதலில் அந்த வரம்புகள் 23 எனவும் 25 எனவும் குறைக்கப்பட்டன. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது எனவும் கூறப்பட்டது.

2025இல் வந்த மாற்றம்

2025 ஜனவரியில் இந்த வரையறை மேலும் திருத்தப்பட்டது. டெல்லி எய்ம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களைச் சேர்ந்த வல்லுநர்கள் வெளியிட்ட புதிய இந்திய வழிகாட்டுதல், உடல் பருமனை இரு நிலைகளாகப் பிரிக்கிறது. குறியீட்டெண் 23ஐக் கடந்திருந்தும் உறுப்புகளின் செயல்பாட்டிலோ அன்றாட வாழ்விலோ பாதிப்பு இல்லாதவர்கள் முதல் நிலையினர். வயிற்றுக் கொழுப்பும், அதனுடன் மூட்டுவலி, மூச்சுத்திணறல், நீரிழிவு போன்ற பாதிப்புகளும் சேர்ந்திருப்பவர்கள் இரண்டாம் நிலையினர்.

அதே மாதம் லான்செட் இதழின் சர்வதேச வல்லுநர் குழுவும், குறியீட்டெண்ணை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என முத்திரை குத்தக் கூடாது என வலியுறுத்தியது. 'எவ்வளவு எடை?' என்ற கேள்வியிலிருந்து, 'அந்த எடை உடலை என்ன செய்கிறது?' என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் நகர்ந்திருக்கிறது. ஆனால் வீட்டுக் கூடத்திலும் வகுப்பறையிலும் நடக்கும் பேச்சு இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

விருப்பங்கள் மாறிய விதம்

பருமன் என்பது எப்போதும் இழிவாகக் கருதப்பட்டதில்லை. பஞ்சங்களைக் கண்ட தலைமுறைக்குச் சற்றுப் பூசினாற்போன்ற உடல் செழிப்பின் அடையாளமாக இருந்தது. 'நன்றாக உண்டு குடிக்கும் வீட்டைச் சேர்ந்தவர்' என்று பருமனானவரைக் குறிப்பிடும் வழக்கு இந்தியில் இன்றும் உண்டு.

பின்னர் திரையும் விளம்பரமும் வேறோர் அளவுகோலைக் கொண்டுவந்தன. 2008இல் வெளியான 'தஷன்' இந்தித் திரைப்படத்துக்காக நடிகை கரீனா கபூர் உடல் இளைத்தபோது, 'சைஸ் ஜீரோ' என்ற சொல் நாடெங்கும் பேசுபொருளானது. திருமண விளம்பரங்களில் 'மெலிந்த, சிவந்த' மணமகள் தேவை என்ற வரி வெகுகாலமாகவே இடம்பெற்று வந்துள்ளது. இளைஞர்களுக்கோ அழுத்தம் வேறு திசையிலிருந்து வருகிறது. அகன்ற தோளும் மடிப்புத் தசைகளும் கொண்ட வயிறும் வேண்டும் என்ற ஆவலில், பலர் மருத்துவர் ஆலோசனையின்றிப் புரதத் தூளை நாடுகின்றனர். தசையை வளர்ப்பதற்காக இத்தகைய புரதப் பொடிகளை உட்கொள்வதைத் தவிர்க்குமாறு, 2024 மே மாதம் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டுதல் அறிவுறுத்தியுள்ளது.

புகழ்பெற்றவர்களும் தப்புவதில்லை

2021ஆம் ஆண்டு பிரபஞ்ச அழகிப் பட்டம் வென்ற ஹர்னாஸ் சந்து, சில மாதங்களிலேயே எடை கூடியதற்காகச் சமூக ஊடகங்களில் கடுமையாகக் கேலி செய்யப்பட்டார். தமக்குச் சீலியாக் எனப்படும் நோய் இருப்பதையும், கோதுமை போன்ற உணவுகளை உண்ண இயலாது என்பதையும் 2022இல் அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார். முன்பு மிகவும் ஒல்லி எனக் கேலி செய்யப்பட்ட தாம், பிறகு குண்டு எனக் கேலி செய்யப்படுவதாகவும் அவர் கூறினார்.

2025 மார்ச் மாதம் சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டிகளின் நடுவே, இந்திய அணித் தலைவர் ரோஹித் சர்மாவின் உடல் பருமனை விமர்சித்து அரசியல் கட்சியின் செய்தித் தொடர்பாளர் ஒருவர் வெளியிட்ட பதிவு, கடும் எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில் துபாயில் நடந்த இறுதிப்போட்டியில் ரோஹித் 76 ரன்கள் குவித்து ஆட்ட நாயகன் விருதைப் பெற்றார். இந்தியா கோப்பையை வென்றது.

கேலி ஏன் பயன் தருவதில்லை?

'சொன்னால்தான் திருந்துவார்கள்' என்பது கேலி செய்பவர்கள் பொதுவாகக் கூறும் காரணம். ஆனால் எடை குறித்த இழிவுபடுத்தல் உடல்நலத்துக்கே கேடு விளைவிப்பதாக, 2020இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியான சர்வதேச வல்லுநர்களின் கூட்டறிக்கை கூறியது.

அவமானம் மன அழுத்தத்தை உண்டாக்குகிறது. மன அழுத்தம் பசியையும் தூக்கத்தையும் குலைக்கிறது. பகலெல்லாம் பட்டினி கிடப்பவர், இரவில் அளவின்றி உண்டு, பின்னர் குற்ற உணர்வில் மீண்டும் பட்டினி கிடக்கிறார். பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சத்தால் பூங்காவில் நடப்பதையும் விளையாடுவதையும் கைவிடுகிறார். முடிவில் எடை கூடுகிறது.

மேலும் எடை என்பது மன உறுதியை மட்டும் பொறுத்ததன்று. மரபணு, தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மற்றும் சில மனநல மருந்துகள், உறக்கமின்மை, வேலை நேரம், வருமானம் எனப் பல காரணங்கள் அதில் பங்கு வகிக்கின்றன.

நீதிமன்றம் கூறியது என்ன?

உடலமைப்பைக் கேலி செய்வது குடும்ப விவகாரம் மட்டுமே என ஒதுக்கிவிட முடியாது என்பதைக் கேரள உயர்நீதிமன்றம் 2024 நவம்பரில் சுட்டிக்காட்டியது. மணமாகி வந்த பெண்ணின் உடலமைப்பு சரியில்லை எனக் கணவரின் சகோதரர் மனைவி இகழ்ந்ததாகத் தொடரப்பட்ட வழக்கை ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்தது. இத்தகைய செயல், பெண்ணின் மன நலத்தைக் குலைக்கும் கொடுமையாக இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவின் கீழ் முகாந்திர அளவில் கருதத்தக்கது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

ஊசி மருந்துகள் தீர்வாகுமா?

2025 மார்ச் மாதம் மவுன்ஜாரோவும், ஜூன் மாதம் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. பசியைக் கட்டுப்படுத்தும் இம்மருந்துகள், உடல் பருமனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவரின் கண்காணிப்பில் வழங்கப்பட வேண்டியவை. குமட்டல், வாந்தி உள்ளிட்ட பக்க விளைவுகளும், நிறுத்தினால் எடை மீண்டும் கூடும் வாய்ப்பும் உள்ளன. திருமணத்துக்கு முன் சில கிலோ இளைப்பதற்கான குறுக்குவழியாக இவற்றைக் கருதுவது ஆபத்தானது.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

எடை குறித்துப் பேச வேண்டிய தேவை இருப்பின், பிறர் முன்னிலையில் பேசுவதைத் தவிர்க்க வேண்டும். தோற்றத்தைவிட உறக்கம், நடை, உணவு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது நல்லது. ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி உணவு, தனிக் கட்டுப்பாடு என்றில்லாமல், வீடு முழுவதும் ஒரே பழக்கத்தைப் பின்பற்றலாம். சமையல் எண்ணெய்ப் பயன்பாட்டை 10 சதவீதம் குறைக்குமாறு 2025 பிப்ரவரியில் பிரதமர் நரேந்திர மோடி விடுத்த வேண்டுகோளும், ஒருவருக்கென்று இல்லாமல் வீட்டுக்கே பொருந்தக்கூடியது.

ஒல்லியானவர்களும், குடும்பத்தில் நீரிழிவு இருப்பின், இடுப்புச் சுற்றளவையும் ரத்தச் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருப்பது எளிதில் நினைவில் நிற்கும் அளவுகோல்.

அடிக்கடி உணவைத் தவிர்ப்பது, உண்டபின் வாந்தி எடுப்பது, ஒரே நாளில் பலமுறை எடை பார்ப்பது, கண்ணாடியையும் புகைப்படத்தையும் வெறுப்பது ஆகியவை பிள்ளைகளிடம் தென்பட்டால், அதைப் பிடிவாதம் என எண்ணாமல் மனநல மருத்துவரை அணுக வேண்டும். மத்திய அரசின் 'டெலி மனஸ்' உதவி எண் 14416ஐக் கட்டணமின்றி, 24 மணி நேரமும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தொடர்புகொள்ளலாம்.