காடையும் கவுதாரியும் நம் ஊர் வேலியும்

நம் சங்கத்துப் பிள்ளைகளிடம் "காடை என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "ஃபிரை!" என்று உடனே பதில் வரும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தோப்பும்படி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஓட்டல் பலகைகளில் 'காட ஃபிரை' என்று எழுதியிருப்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். கவுதாரி என்று கேட்டால் அந்தப் பதிலும் வராது. நம் தாத்தா பாட்டிகள் தினமும் காலையில் குரல் கேட்டு எழுந்த பறவை, இரண்டே தலைமுறையில் பெயர்கூடத் தெரியாத பறவையாகிவிட்டது!

நான் கொங்குநாட்டுக்காரன். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே உள்ள வறண்ட பூமியில் பிறந்து, பிழைப்புக்காக இந்த வெலிங்டன் தீவுக்கு வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தரையில் வாழும் இந்தப் பறவைகளைப் பற்றி நம் வாசகர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, சில செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆசை மட்டுமல்ல, காரணமும் உண்டு. ஊரில் நிலத்தை வைத்துவிட்டு வெளியூரில் வாழும் நம்மைப் போன்றவர்களின் கையில்தான் இப்பறவைகளின் கதி ஓரளவு இருக்கிறது. அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரே குடும்பம்

வீட்டுக்கோழி, காட்டுக்கோழி, கவுதாரி, காடை, மயில், இமயமலைப் பக்கம் உள்ள ஃபெசன்ட் எல்லாம் ஒரே குடும்பத்துப் பறவைகள். காலால் மண்ணைக் கிளறி இரை தேடும். தரையிலேயே முட்டையிடும். ஆபத்து வந்தால் முதலில் ஓடும். ஓட வழியில்லாவிட்டால் 'படபட'வென்று எழும்பி, சிறிது தூரம் பறந்து, மறுபடியும் புதருக்குள் இறங்கிவிடும். குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்திலேயே தாயோடு நடக்கத் தொடங்கிவிடும்.

சங்க காலத்திலேயே நம்மவர்கள் இவற்றை நன்கு அறிந்திருந்தார்கள். கவுதாரிக்குச் சிவல் என்றும், காடைக்குக் குறும்பூழ் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். இன்று சேவற்சண்டை போல அன்று குறும்பூழ்ச் சண்டையும் நடந்தது. கலித்தொகையில் வீட்டுக்குத் தாமதமாக வரும் ஒரு கணவன், குறும்பூழ்ச் சண்டை பார்க்கப் போனேன் என்று மனைவியிடம் சாக்குச் சொல்கிறான்! இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆண்கள் மாறவில்லை போலும்.

தமிழில் காடை, மலையாளத்தில் காட. மயில் இரு மொழியிலும் மயில்தான். பெயரில் இவ்வளவு நெருக்கம் இருந்தாலும் கவுதாரியை மட்டும் கொச்சிப் பக்கம் காண முடிவதில்லை. ஏன்?

நம் தீவில் ஏன் இல்லை?

வெலிங்டன் தீவு, மனிதன் உண்டாக்கிய தீவு என்பது பலருக்குத் தெரியும். 1920-ல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது, காயலிலிருந்து தோண்டிய மண்ணைக் கொட்டி, வெண்டுருத்தி என்ற சிறு தீவை ஒட்டி உருவாக்கிய நிலம் இது. சுற்றிலும் உப்புநீர், அடியில் ஈரமண், வருடத்தில் பாதி நாள் மழை. கவுதாரிக்கு வேண்டியதோ முள்ளும் புழுதியும் குட்டைப் புல்லும் உள்ள காய்ந்த மேட்டுநிலம். கோழியைப் போல மண்ணில் புரண்டு குளிக்கும் பறவை அது. இந்தச் சேற்றில் அதற்கு என்ன வேலை?

இங்கே நம் குவார்ட்டர்ஸ் ஓரச் சாக்கடையில், வெள்ளை மார்போடு வாலை ஆட்டிக்கொண்டு நடக்கிறதே, அதைச் சில பிள்ளைகள் கவுதாரி என்று நினைக்கிறார்கள். அது கானாங்கோழி. மலையாளத்தில் குளக்கோழி. பெயரில்தான் கோழி, உண்மையில் அது நீர்க்கரைப் பறவைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

ரயிலில் பாலக்காட்டைத் தாண்டிக் கோவை போகும்போது ஜன்னல் வழியே கவனியுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிடும் அந்தக் கணவாயில் பச்சை மெல்ல மெல்ல வெளுத்து, பனைமரமும் வேலமரமும் தென்படத் தொடங்கும். கவுதாரியின் ராஜ்யம் அங்கே ஆரம்பமாகிறது.

கொறங்காடு

எங்கள் பகுதியில் 'கொறங்காடு' என்று ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. காங்கயம் மாடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை மேய்வது அங்கேதான். கொழுக்கட்டைப் புல்லும், ஆங்காங்கே வெள்வேல மரங்களும், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலியும் கொண்ட தனியார் நிலம் அது. மாட்டை உள்ளே விட்டுக் கடவை அடைத்துவிட்டால் ஆள் காவல் வேண்டாம்.

அந்த வேலிதான் கவுதாரியின் வீடு. பகலில் புல்லுக்குள் கரையானும் வண்டும் விதையும் பொறுக்கும். பருந்தின் நிழல் விழுந்தால் வேலிக்குள் ஓடி மறையும். வேலியடியில் சிறு பள்ளத்தில் புல்லைப் பரப்பி முட்டையிடும். இரவில் முள்மரத்தின் தாழ்ந்த கிளையில் அடையும். விடியற்காலையில் ஒரு சேவல் "டீ-டர், டீ-டர்" என்று ஆரம்பித்தால், அடுத்த காட்டிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். அந்தக் குரலிலிருந்துதான் இந்தியில் அதற்குத் 'தீதர்' என்று பெயர் வந்தது. 

காடையின் சுபாவம் வேறு. அது மரத்தில் அடையாது, இரவிலும் தரையில்தான். புதர்க்காடைகள் கூட்டமாகப் பதுங்கியிருக்கும். நாம் கிட்டத்தட்ட மிதிக்கப் போகும் வரை அசையாது. பிறகு வெடி வெடித்தாற்போல நாலாபுறமும் சிதறிப் பறக்கும். ஆடு மேய்க்கப் போன காலத்தில் எத்தனை முறை நெஞ்சு திடுக்கிட்டிருக்கிறேன்! காடை போலவே தோன்றும் மூன்று விரல் காடை ஒன்றும் உண்டு. அதில் பெட்டைக்குத்தான் நிறமும் சண்டைக் குணமும் அதிகம். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு. அறிவியல்படி அது காடைக் குடும்பமே அல்ல.

கண்ணியும் சட்டமும்

எங்கள் அப்பாரு காலத்தில் கவுதாரி பிடிப்பது ஒரு பொழுதுபோக்கு. பழக்கிய கவுதாரி ஒன்றைக் கூண்டில் வைத்து வேலியோரம் விட்டுவிடுவார்கள். அது கூவும். 'என் எல்லையில் யாரடா?' என்று அந்த இடத்துக் கவுதாரி சண்டைக்கு ஓடி வரும், கண்ணியில் மாட்டிக்கொள்ளும். அதன் ரோஷமே அதற்கு எமன்.

1972-ல் வந்த வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இவையெல்லாம் குற்றம். காட்டுக் கவுதாரியையோ காடையையோ பிடிப்பது, விற்பது, வாங்குவது எதற்கும் அனுமதி கிடையாது. நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, "ஏனுங்க, வெளியூர்லிருந்து வந்திருக்கீங்க, காட்டுக்கவுதாரி நாலு இருக்குது, வேணுங்களா?" என்று சந்தையில் காதோடு காதாகக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. வெளியூர்க்காரன் விலை பேசமாட்டான் என்ற கணக்கு! வாங்க ஆள் இருக்கும் வரை கண்ணியும் இருக்கும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அப்படியானால் ஓட்டலில் கிடைக்கும் காடை? அது வேறு. ஜப்பானியக் காடை எனப்படும் பண்ணைப் பறவை அது. 1974-ல் கலிபோர்னியாவிலிருந்து வரவழைத்து, உத்தரப் பிரதேசத்து இஜத்நகரில் ஆராய்ந்து, நாடு முழுவதும் பரப்பினார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'நந்தனம் காடை', 'நாமக்கல் காடை' என்று தனி ரகங்களையே உருவாக்கியிருக்கிறது. 17, 18 நாளில் முட்டை பொரியும், ஐந்து வாரத்தில் விற்பனைக்குத் தயார். ஆகவே காடை சாப்பிட விரும்புகிறவர்கள் பண்ணைக் காடையைத் தாராளமாகச் சாப்பிடலாம். காட்டில் உள்ளதை விட்டுவிடுங்கள்.

காட்டுக்கோழியும் மயிலும்

நம் தீவுக்கும் காட்டுக்கோழிக்கும் மறைமுகமாக ஓர் உறவு உண்டு. 1947 முதல் கொச்சியில் தேயிலை ஏலம் நடக்கிறது. இங்கே ஏலத்துக்கு வரும் தேயிலை விளைகிற மூணாறு, வால்பாறை, நீலகிரி மலைகளில்தான் சாம்பல் நிறக் காட்டுக்கோழி வாழ்கிறது. மலையில் மூங்கிலோ குறிஞ்சியோ பூத்து விதை உதிரும் காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். சேவலின் கழுத்து இறகில் மெழுகு சொட்டியதுபோல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அந்த இறகுக்காகவே ஒரு காலத்தில் எண்ணற்ற சேவல்கள் கொல்லப்பட்டன. இங்கிலாந்துக்காரர்கள் மீன்பிடிக்கப் பயன்படுத்தும் செயற்கை ஈக்களுக்கு அது அலங்காரம்! நம் வீட்டுக்கோழியின் மூதாதை வடக்கே உள்ள சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் பல கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு நம் தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள்.

பிள்ளைகளுக்கு இதைக் காட்ட விரும்பினால் தட்டேக்காடு போகலாம். இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். 1933-ல் திருவிதாங்கூர்-கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுத்த டாக்டர் சாலிம் அலி வியந்து பாராட்டிய இடம். 1983-ல் சரணாலயமாயிற்று. விடியற்காலையில் காட்டுக்கோழியின் கூவலைக் கேட்கலாம்.

அதே 1933 கணக்கெடுப்பில் சாலிம் அலியின் கண்ணில் மயில் படவில்லை. 2009-ல் அதே இடங்களுக்கு மீண்டும் போனவர்கள் பல இடங்களில் மயிலைக் கண்டார்கள். பாலக்காட்டுக்கு அருகே சூலனூரில் 2007-ல் மயில்களுக்கென்றே சரணாலயம் வந்தது. தேசியப் பறவை பெருகினால் மகிழ்ச்சிதானே என்று தோன்றும். ஆனால் மயில் வறண்ட நிலத்தை விரும்பும் பறவை. கேரளம் வறண்டு வருவதன் அடையாளமாக இதைக் கருத வேண்டும் என்று கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் எழுதியிருக்கிறார்கள்.

வேலி யார் கையில்?

மயில் எங்கும் பிழைத்துக்கொள்ளும். வயலிலும் ஊருக்குள்ளும் மேயும், உயர்ந்த மரத்தில் அடையும். கவுதாரிக்கு அப்படி முடியாது. அதற்கு வேலி வேண்டும்.

எங்கள் பகுதியில் கொறங்காடுகள் மனைகளாகின்றன, காற்றாலைகள் நிற்கின்றன. மிஞ்சிய நிலத்திலும் முள்கிளுவையை வேரோடு பிடுங்கிவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள். இதில் பல நிலங்களுக்குச் சொந்தக்காரர்கள் யார்? திருப்பூரிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் இருக்கும் நாம்தான். வேலியைப் பராமரிக்க ஆள் இல்லை, பக்கத்துக்காட்டுக்காரர் நகர்த்திவிடுவார் என்ற பயம் வேறு. அந்தப் பயம் நியாயமானதுதான்.

எங்கள் குடும்பத்திலும் இந்தப் பேச்சு வந்தது. "அண்ணா, பொக்லைன் ஒருநாள் விட்டாப் போதும், நாலு பக்கமும் கம்பி போட்டரலாம்" என்றான் தம்பி. அவனும் ஊரில் இல்லை. மாடு மேய்க்கக் குத்தகைக்கு எடுத்தவரைக் கேட்டோம். "கம்பி பத்துப் பதினஞ்சு வருசத்துல துருப்புடிச்சுரும் சாமி. கிளுவையை வருசம் ஒருக்காக் கழிச்சு விட்டா அது பாட்டுக்கு நிக்கும். ஆட்டுக்குத் தழையும் ஆச்சு" என்றார். கடைசியில் வழித்தடத்தை ஒட்டிய ஒரு பக்கம் மட்டும் கம்பி, மற்ற மூன்று பக்கமும் கிளுவை என்று முடிவாயிற்று. எல்லைக்கு நான்கு மூலையிலும் சர்வே கல் நட்டோம். தம்பிக்கு இன்னும் முழு சம்மதம் இல்லை. விலைக்கு ஆள் வந்தால் மறுபடி பேச்சு எழும் என்பது எனக்கும் தெரியும்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நம்மில் பலருக்கு ஊரில் ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோ இருக்கிறது. அதை என்ன செய்வது என்று தீர்மானிக்கும்போது வேலியையும் ஒரு கணக்கில் சேருங்கள். முழுவதும் முடியாவிட்டாலும் ஒரு பக்கமாவது விடுங்கள். முட்டையிடும் காலத்தில் புதருக்குத் தீ வைக்க வேண்டாம் என்று குத்தகைக்காரரிடம் சொல்லுங்கள். சந்தையில் காதோடு காதாகக் கேட்பவரிடம் "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்கள், ஒரே ஒரு நாள் அவர்களை விடியுமுன் எழுப்பிக் காட்டுப் பக்கம் கூட்டிப் போங்கள். கவுதாரி கூவினால் அவர்களிடம் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். கூவாவிட்டால், ஏன் கூவவில்லை என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.