கதிர்வீச்சுடன் ஊசி மருந்து எதற்கு?

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் சிலர், "கதிர்வீச்சோடு இந்த ஊசியும் ஏன், டாக்டர்?" என்று எம்மிடம் வினவுகின்றனர். இதற்கான விடை உயிரணுவினுள் உள்ளது.

படியெடுத்தலும் பிழைதிருத்தமும்

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன், ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள் கொண்ட தன் டி.என்.ஏ.வை முழுமையாகப் படியெடுக்க வேண்டும். அப்பணியைச் செய்யும் நொதி ஏறக்குறைய லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை செய்கிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தானே உடனுக்குடன் திருத்திவிடுகிறது. எஞ்சியவற்றைப் பழுதுபார்க்கும் புரதங்கள் சரிசெய்வதால், இறுதியில் நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்னும் அளவிலேயே பிழை மிஞ்சுகிறது. டி.என்.ஏ. பழுதுபார்ப்பை விளக்கிய தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஜீஸ் சாங்கர் ஆகியோர் 2015இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

பாவில் இழை அறுந்தால் நம் ஊர் நெசவாளர் தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்த பின்னரே ஊடையை ஓட்டுவார். நலமான உயிரணுவும் அவ்வாறே நின்று, பழுதுபார்த்து, பின்பு தொடர்கிறது.

ஓயாத கட்டளை

'பிரிக' என்னும் கட்டளையை உயிரணுவுக்குக் கொணர்பவை வளர்ச்சிக் காரணிகள். இவற்றைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மொண்டால்சினி இருவரும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர். உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் இக்கட்டளையை வாங்கிக்கொள்கின்றன. பல புற்றுநோய்களில் இ.ஜி.எஃப்.ஆர். என்னும் ஏற்பி அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருக்கும், அல்லது ஓயாமல் இயங்கும். அப்போது பழுது நீங்குமுன்னரே படியெடுத்தல் தொடங்கிவிடுவதால் பிழைகள் சேர்கின்றன.

இதே ஏற்பிக்கு மற்றொரு முகமும் உண்டு. கதிர்வீச்சு டி.என்.ஏ.வைத் துண்டிக்கும்போது, துண்டுகளை மீண்டும் இணைக்கும் பணிக்கு இவ்வேற்பி துணைபுரிவது ஆய்வகங்களில் அறியப்பட்டுள்ளது. இதனால் புற்றணு கதிர்வீச்சிலிருந்து பிழைத்துக்கொள்ளக்கூடும். ஏற்பியை அடைத்தால் அத்துணை குறையும். ஊசி மருந்தின் நோக்கங்களுள் ஒன்று அதுவே.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 536 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. சிஸ்பிளாட்டின், கதிர்வீச்சு ஆகியவற்றுடன் நிமோடுசுமாப் சேர்க்கப்பட்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் நீண்டது. ஆயினும் இவ்வகையைச் சேர்ந்த செடுக்சிமாப் மருந்தை அதே கூட்டில் சேர்த்த ஆய்வில் கூடுதல் பயன் கிட்டவில்லை. ஆகவே இம்மருந்துகள் அனைவருக்கும் உரியவை அல்ல. இவை எவருக்குத் தேவை என்பதை மருத்துவர் ஆராய்ந்தே முடிவு செய்வார்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

• தறிவேலை நிற்கிறதே என்று கதிர்வீச்சு நாள்களை இடையில் விடாதீர்கள். அந்த இடைவெளியில் புற்றணுக்கள் பழுதைச் சரிசெய்துகொண்டு மீண்டும் பெருகும். வருவதில் இடர்ப்பாடு இருந்தால் முன்கூட்டியே எம்மிடம் கூறுங்கள்.

• 'வளர்ச்சி' என்னும் சொல்லுக்கு அஞ்சிப் பால், முட்டை, பருப்பு ஆகியவற்றை நிறுத்த வேண்டா. உடல் எடை குறைந்தால் சிகிச்சையைத் தாங்குவது கடினம்.

• புகையிலையை அறவே விடுங்கள். அது டி.என்.ஏ.வில் புதிய பழுதுகளை உண்டாக்குகிறது.

• தோலில் தடிப்பு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு தோன்றினால் அன்றே தெரிவியுங்கள்.

ஐயம் எதுவாயினும் தயங்காமல் கேளுங்கள். விடையளிப்பதும் எம் சிகிச்சையின் ஒரு பகுதியே.