எல்லை தாண்டும் காரண்டி

புதிதாக ஒரு பிரஷர் குக்கர் வாங்குகிறீர்கள். கூடவே ஒரு காரண்டிச் சீட்டு வருகிறது. கடைக்காரர் அதில் தேதி எழுதி முத்திரை குத்திக் கொடுக்கிறார். நீங்களும் பத்திரமாக எங்கேயோ வைக்கிறீர்கள். அந்த 'எங்கேயோ' எது என்பது, குக்கர் கெட்டுப்போகும் தினத்தன்று யாருக்கும் ஞாபகம் வருவதில்லை! போகட்டும், சீட்டு அகப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வாங்கியது மதுரையில், இப்போது குடியிருப்பது சென்னையில். "மதுரையில் வாங்கிய சாமானுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?" என்று சென்னை ஏஜெண்டு கையை விரித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

இப்போது குக்கருக்குப் பதில் மோட்டார் கார் என்றும், மதுரை சென்னைக்குப் பதில் டென்மார்க், ஜெர்மனி என்றும் வைத்துப் பாருங்கள். ஐரோப்பியக் குடும்பங்களை நெடுங்காலம் அலைக்கழித்த தகராறு அது. அதற்குக் கிடைத்த விடை சுவாரசியமானது. நம்மவர்கள் பலர் இன்று பாரிஸிலும் பெர்லினிலும் குடியும் குடித்தனமுமாக இருப்பதால், நம் வீடுகளுக்கும் அது பிரயோஜனமானது.

பக்கத்து நாட்டில் ஏன் வாங்குகிறார்கள்?

கார் மீது டென்மார்க் விதிக்கும் பதிவு வரி பிரசித்தமானது. 2000-ஆம் ஆண்டையொட்டி, விலையில் ஒரு வரம்புக்கு மேற்பட்ட பகுதிக்கு 180 சதவீதம் வரி! இவ்வளவு வரியையும் சேர்த்தால் யார் வாங்குவார்கள்? ஆகவே கார்க் கம்பெனிகள் அங்கே வரிக்கு முந்திய விலையைக் குறைத்தே வைத்தன. ஜெர்மனியிலிருந்து போய் வாங்குகிறவர் டென்மார்க்கில் காரைப் பதிவு செய்யப்போவதில்லை. ஆகையால் அந்தப் பதிவு வரி அவருக்கில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட அல்லது 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத கார் 'புதுக் கார்' என்பது ஐரோப்பிய வரிக் கணக்கு. அதற்குரிய மதிப்புக் கூட்டு வரியைத் தம் சொந்த நாட்டிலேயே கட்டிவிடுவார். மிச்சமாகும் பணத்தில் குழந்தைகளை விடுமுறைக்கு அழைத்துப் போகலாம்.

எந்த நாட்டில் எந்தக் கார் என்ன விலை என்று ஐரோப்பியக் கமிஷனே 1993 முதல் 2011 வரை பட்டியல் வெளியிட்டு வந்தது என்றால், வித்தியாசம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதில் கஷ்டமில்லை. ஐந்தாவது மாதம் கியர் பாக்ஸ் முனகத் தொடங்கும்போதுதான் கஷ்டம். உள்ளூர் ஏஜெண்டு முகத்தைச் சுளிக்கிறார். "லாபம் டென்மார்க்காரருக்கு, ரிப்பேர் வேலை எனக்கா? வாங்கின இடத்துக்கே கொண்டு போங்கள்" என்கிறார். மூனிக் நகரத்திலிருந்து கோபன்ஹேகன் சுமார் 1,000 கிலோமீட்டர். முனகும் கியர் பாக்ஸோடு எப்படிப் போவது?

சலவை மெஷின் காட்டிய வழி

இந்தச் சிக்கலை அவிழ்க்க முதலில் கைகொடுத்தது கார் அல்ல, வீட்டுச் சாமான்கள்தான் என்றால் உங்களுக்குச் சந்தோஷமாயிருக்கும். சலவை மெஷின் முதலியவை செய்யும் இத்தாலியக் கம்பெனி ஸனூஸி. ஒரு நாட்டில் அதன் கிளை இறக்குமதி செய்த சாமானுக்கு மட்டுமே, அதுவும் அந்த நாட்டில் உபயோகித்தால் மட்டுமே காரண்டி என்று நிபந்தனை வைத்திருந்தது. இது பொதுச் சந்தைக்கு அடுக்காது என்று ஐரோப்பியக் கமிஷன் ஆட்சேபித்தது. கம்பெனி நிபந்தனையை மாற்றிக்கொண்டது; 1978-இல் கமிஷன் அதை ஏற்றுக்கொண்டது.

அடுத்தது கைக்கடிகாரம். ஸ்வாட்ச் கடிகாரங்களின் காரண்டியைத் தன் சொந்த ஏஜெண்டுகளின் வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் கொடுக்கப் பார்த்தது அதைத் தயாரித்த ஸ்விஸ் கம்பெனி. பெல்ஜியத்தில் எழுந்த இந்த வழக்கில், 1985 டிசம்பரில், அப்படி வரம்பு கட்டுவது போட்டியை ஒடுக்கும் செயல் என்று லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கார்களுக்கான விதி அதே 1985-ஆம் ஆண்டு ஜூலையில் அமலுக்கு வந்துவிட்டது. ஏஜெண்டுகளைத் தானே பொறுக்கியெடுத்து விற்கும் சலுகை வேண்டுமானால், கார்க் கம்பெனி ஒரு நிபந்தனைக்கு உட்பட வேண்டும்: பொதுச் சந்தையின் எந்த நாட்டில், தன் ஏஜெண்டு யார் விற்ற காராயிருந்தாலும், மற்ற ஏஜெண்டுகள் அதற்குக் காரண்டி வேலையைச் செய்து கொடுக்க வேண்டும். விதி பிறகு 1995-லும் 2002-லும் 2010-லும் உருமாறியது. 2010-இன் விதி 2028 மே மாதம் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அடிப்படைக் கருத்து மட்டும் மாறவில்லை.

கம்பெனிகள் இதைச் சந்தோஷமாக ஏற்றன என்று நினைக்காதீர்கள். 1992-இல் இத்தாலிய லிராவின் மதிப்பு இறங்கியது. ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் மலிவான கார் தேடி இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். அவர்களுக்கு விற்காதபடி இத்தாலிய ஏஜெண்டுகளுக்கு வோக்ஸ்வாகன் கம்பெனி நெருக்கடி கொடுத்தது. 1998 ஜனவரியில் கமிஷன் அதற்கு விதித்த அபராதம் 10 கோடியே 20 லட்சம் எக்யூ! 2000-இல் கோர்ட்டு அதை 9 கோடி யூரோவாகக் குறைத்தது. 2003-இல் மேல்கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

ஒரு கார், இரண்டு வாக்குகள்

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கார் வாங்குகிறவர் கையில் இருப்பது ஒரு காரண்டி அல்ல, இரண்டு. கொடுத்தவர்களும் வேறு வேறு.

முதலாவது, கம்பெனி தானாக முன்வந்து கொடுக்கும் காரண்டி. இது காரோடு பயணம் செய்கிறது. ஐரோப்பிய யூனியனில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கலாம். வேலைக்கான கூலியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுப்பது கம்பெனியே. ஆகையால் முகம் சுளிக்கும் ஏஜெண்டு தம் கைக்காசைப் போட்டு வேலை செய்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, சட்டம் கொடுக்கும் காரண்டி. வாங்கிய பொருளில் குறை இருந்தால், குறைந்தது இரண்டு வருஷ காலத்துக்கு விற்றவரே பொறுப்பு. முதல் வருஷத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது விற்ற அன்றைக்கே இருந்தது என்றே சட்டம் வைத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பாடு. ரிப்பேர் இலவசம், நியாயமான காலத்துக்குள், பெரிய அசௌகரியமின்றி நடக்க வேண்டும். ஆனால் இந்த உரிமையை விற்றவரிடந்தான் கேட்க முடியும்; உள்ளூர் ஏஜெண்டிடம் கேட்க முடியாது.

இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் போய், "சட்டப்படி எனக்கு இரண்டு வருஷம் உண்டு" என்று வாதாடினால், "எங்களிடம் வாங்கவில்லையே" என்பார்கள். அது சரியான பதில்தான். "கம்பெனிக் காரண்டிப்படி செய்து கொடுங்கள்" என்று கேட்டால் அந்தப் பதில் செல்லாது.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

தேதியில்தான் முதல் வினை. கம்பெனிக் காரண்டியின் கடிகாரம், அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டு காரை முதன்முதலாக ஒப்படைத்த நாளிலோ, முதல் பதிவு நாளிலோ ஓடத் தொடங்கிவிடும். நடுவிலே ஒரு தரகர் வாங்கி நாலு மாதம் கொட்டகையில் நிறுத்தியிருந்தால், கார் ஓடாவிட்டாலும் காரண்டி ஓடியிருக்கும்! ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன்பே சர்வீஸ் புத்தகத்தில் அந்தத் தேதியையும் ஏஜெண்டின் முத்திரையையும் பார்த்துவிட வேண்டும்.

ஒரே ஒரு நாள் பதிவாகியிருந்த காரைப் 'பழைய கார்' என்று எழுதி விற்பதும் உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டால், சில நாடுகளில் சட்டத்தின் இரண்டு வருஷம் ஒரு வருஷமாகச் சுருங்கிவிடும்.

மற்றொன்று, 'கூடுதல் வருஷம் இனாம்' என்ற ஆசை வார்த்தை. அந்த நாட்டு விநியோகஸ்தர் தம் சொந்தப் பொறுப்பில் கொடுக்கும் கூடுதல் காரண்டி பெரும்பாலும் எல்லை தாண்டுவதில்லை. கொடுப்பது கம்பெனியா, விநியோகஸ்தரா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

எண்ணெய் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைத் தெருமுனை மெக்கானிக்கிடம் செய்தால் காரண்டி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அந்தக் காரணத்துக்காக மட்டும் காரண்டியை மறுக்கக் கூடாது என்பது கமிஷனின் நிலை. ஆனால் அவர் செய்த பிழையால் எஞ்ஜின் கெட்டால் கம்பெனி பொறுப்பேற்காது. முறைப்படி வேலை நடந்தது என்று காட்ட, பில்லைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

மறுத்தால் என்ன செய்வது?

சண்டை போடுவதற்கு முன்னால் பேனாவை எடுக்க வேண்டும். காரண்டி வேலை செய்ய மறுப்பதையும் அதற்கான காரணத்தையும் எழுதித் தரும்படி ஒர்க்‌ஷாப்பைக் கேட்கலாம். வாயால் சொல்லும் 'முடியாது', எழுதச் சொன்னதும் பல சமயங்களில் 'பார்க்கலாம்' ஆகிவிடும்! அடுத்தபடி, அந்த நாட்டிலுள்ள கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு, சர்வீஸ் புத்தகத்தின் நகலுடன் கடிதம்.

அதுவும் பலிக்காமல், விற்றவரே வேறு நாட்டில் இருந்துகொண்டு பேசாமலிருந்தால், 2005-இல் ஏற்பட்ட ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் இருக்கின்றன. யூனியன் நாடுகளிலும் நார்வே, ஐஸ்லாந்திலும் கிளைகள் உண்டு; கட்டணம் கிடையாது. ஜெர்மன் மையமும் பிரெஞ்சு மையமும் ரைன் நதிக்கரையிலுள்ள கேல் என்ற ஊரில் ஒன்றாகவே இயங்குகின்றன. கோர்ட்டுக்கே போக நேர்ந்தாலும், 5,000 யூரோ வரையுள்ள எல்லை தாண்டிய வழக்குகளுக்கு எளிய நடைமுறை ஒன்று இருக்கிறது. டென்மார்க் மட்டும் அதில் சேரவில்லை. அங்கே வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டன் கதை வேறு. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்த ஐரோப்பிய விதிகள் பொதுவாக அங்கே ஓய்ந்துவிட்டன. லண்டனில் இருக்கும் உறவினர் பிரான்ஸில் கார் வாங்க நினைத்தால், இங்கிலாந்தில் அந்தக் காரண்டி செல்லுமா என்று கம்பெனியிடமே எழுத்தில் கேட்பது உத்தமம்.

விலை மலிவு என்றதும் எத்தனை ஆயிரம் மிச்சம் என்றுதான் கணக்குப் போடத் தோன்றும். கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழகிவிட்டால் ஏமாற்றம் குறையும்: "இந்த வாக்கைக் கொடுப்பவர் யார்? எங்கே போய் அதைக் கேட்பது?" காரானாலும் சரி, கடிகாரமானாலும் சரி, பணம் நம் கையில் இருக்கும்போது இந்தக் கேள்விக்கு மரியாதையாகப் பதில் வரும். பணம் கைமாறிய பிறகு கேட்டால், பதில் வருவதற்கே ஒரு கோர்ட்டு வேண்டியிருக்கும்!