யாருடைய வரி, யாருடைய கண்டல்?

(தொடர்: பகுதி 14)

கரையோர ஊரான விடத்தல்தீவில் வருமான வரி கட்டும் மீனவரைத் தேடினால் கிடைப்பது அரிது. அதற்காகக் கொழும்பின் வரிக் கணக்கு இந்தக் கரைக்கு வந்து சேராமல் இருந்துவிடவில்லை.

2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறக்கினார்கள். 2020 முதல் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்றார்கள். நல்ல சம்பளக்காரருக்குக் கொண்டாட்டம். வள்ளத்தில் போகிறவருக்கோ அந்தச் சலுகையால் ஒரு சதமும் மிஞ்சவில்லை. அவர் கட்டாத வரியை எப்படிக் குறைப்பது? 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. கொரோனாவும் பழைய கடன்களும் சேர்ந்த வினைதான் அது; என்றாலும் வரி வெட்டின் பங்கு சிறியதல்ல. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. வள்ளத்து இயந்திரம் குடிப்பது அதைத்தான். 2024இல் பெறுமதி சேர் வரி 18 வீதம். அதை மீனவரும் கடையில் கட்டுகிறார்.

அந்தக் கடனை யார் கட்டுவார்? பொருளியலாளர் போல் சாமுவேல்சன் 1958இல் எழுதிய கட்டுரையில், எந்தக் காலத்திலும் உழைக்கும் தலைமுறையும் ஓய்ந்த தலைமுறையும் ஒன்றாக வாழ்கின்றன. அடுத்தது பின்னால் வந்துகொண்டே இருக்கிறது. பிறக்காதவர் பேரம் பேச வரமாட்டார். ஆகவே அவர் தலையில் கடனை ஏற்றுவது சுலபம்.

கடன் எல்லாமே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். போருக்குப் பின் வெளிநாட்டுக் கடனில் திருத்திய ஏ-32 வீதியில் பேரப்பிள்ளையும் போவான். அதில் ஒரு பங்கை அவன் கட்டுவது நியாயம். 30 இலட்சக்காரரின் சலுகையை அவன் ஏன் கட்ட வேண்டும்?

இதே கேள்வியோடு கண்டல் காட்டுக்கு வருவோம். 2016இல் விடத்தல்தீவைச் சூழ்ந்த ஏறத்தாழ 29,000 ஹெக்டேயர் இயற்கை ஒதுக்கமானது. இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வது அங்கேதான். அலையின் வேகத்தைத் தணிப்பதும் அதுவே. 2024 மே மாதம், நீருயிரின வளர்ப்புக்காக அதில் 168 ஹெக்டேயரை விடுவித்து வர்த்தமானி வந்தது. சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். ஜூலையில் இடைக்காலத் தடை கிடைத்தது.

மொத்தத்தில் 168 ஹெக்டேயர் சிறு துண்டுதானே என்பார்கள். ஆனால் புத்தளத்தில் இறால் பண்ணைக்காகக் கண்டல் வெட்டியவர்களுக்கு முதலில் கை நிறையக் காசு வந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. குளங்கள் பல கைவிடப்பட்டன. இலாபம் பார்த்த தலைமுறை ஒன்று. உவர் பிடித்த பள்ளங்கள் கிடைத்தது இன்னொன்றுக்கு.

காட்டைக் காப்பதற்கும் செலவு உண்டு. ஒதுக்கத்தின் கட்டுப்பாடுகளில் தொழில் குறுகும் மீனவரே அதையும் சுமந்தால், ஏழையிடம் வசூலித்துப் பிறக்காதவனுக்குக் கொடுத்ததாகும். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சத்தைத் தாண்டினால்தான் வருமான வரி. அந்தத் தட்டில் உள்ளவர் கட்டும் காசில்தான் விடத்தல்தீவு மீனவருக்கு ஈடு கொடுக்க வேண்டும். மண்ணெண்ணெய்ப் போத்தலில் பிடித்த காசில் அல்ல.