யானைக் கடிகாரம்
இந்தியக் கூடம், இபின் பதூதா பேரங்காடி, துபாய்

இந்த யானையின் மூல வடிவம் 800 ஆண்டுகளுக்கும் முந்தையது. அல்-ஜசாரி என்ற பொறியாளர் 1206இல் எழுதி முடித்த இயந்திர நூலில் படம் வரைந்து விளக்கிய நீர்க்கடிகாரத்தின் மறு உருவாக்கம் இது.

மூல வடிவில், யானையின் வயிற்றுக்குள் ஒரு நீர்த்தொட்டி. அதில் மிதக்கும் கிண்ணத்தின் அடியில் சிறு துளை. துளைவழி நீர் ஏறி, அரை மணிக்கு ஒருமுறை கிண்ணம் மூழ்கும். நம் நாழிகை வட்டில் வேலை செய்ததும் இப்படித்தான். மூழ்கும் கிண்ணம் கயிற்றை இழுக்க, மேலே ஓர் உலோகக் குண்டு விடுபட்டு, பருந்தின் அலகு வழியே பாம்பின் வாயில் விழும். பாரத்தில் பாம்பு தலை தாழ்த்தும். அந்த இழுப்பிலேயே கிண்ணம் நீருக்கு மேல் வந்துவிடும். பாகன் கை ஓங்கி அடிப்பான். மேலே குண்டுகள் இருக்கும்வரை கடிகாரம் தானே ஓடும். இதை ஒரே மனிதர் யோசித்தார் என்பது இன்றும் வியக்க வைக்கிறது.

2005இல் திறக்கப்பட்ட இந்தப் பேரங்காடி, 1325இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட பயணி இபின் பதூதாவின் பெயரைத் தாங்கியது. அந்தலூசியா, துனீசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனா என ஆறு கூடங்கள். பாரசீகக் கூடத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்காமல் போகாதீர்கள். அதன் நீல வேலைப்பாடு அவ்வளவு நுணுக்கமானது. ஆனாலும் இங்குள்ளவற்றில் அறிவுச் செறிவு மிக்கது இந்த யானையே.

இபின் பதூதா தமிழகத்துக்கும் வந்தவர். சுல்தான்கள் ஆண்ட மதுரையைத் தம் பயணநூலில் பதிவு செய்திருக்கிறார்.